டெக்கீலா ஊர்க்காரியும் மெஸ்கால் சூளையும்

லச்சிகூ ஊரில் எந்த வதந்தியும் மாவு மில் வரிசையில்தான் பிறக்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் சுமந்துகொண்டு காலை ஐந்தரைக்கே பெண்கள் வந்து நின்றுவிடுவார்கள். மில்லின் பெல்ட் அறுந்துபோகும் நாட்களில் வதந்தி நன்றாக விளையும். 1999ஆம் வருஷம் மே மாதம், பெல்ட் அறுந்த ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்று வெளியே வந்தது. சாலையோரம் மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயம் விற்கும் ஒத்திலியா, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இருபத்தேழு வருஷத்தில் மெஸ்காலை ஒரு மடக்குகூட விழுங்கியதில்லையாம்.

பிறந்தபோது அது இவ்வளவுதான். சோளம் அரைத்து வீடு போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிட்டது. பிறந்த ஊரிலிருந்து டெக்கீலா வரவழைத்து, கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துக் குடிக்கிறாளாம். மதியத்துக்கு மேல் கட்டிலுக்கு அடியில் இருந்தது பாட்டில் அல்ல, பீப்பாய். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது, அவள் பிறந்த ஹலிஸ்கோ மாநிலத்து டெக்கீலாக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பெண்ணை மருமகள் வேஷம் கட்டி நம் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்ற அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

வேறு ஊராக இருந்தால் இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பார்கள். லச்சிகூவில் பிள்ளை பிறந்தால் மெஸ்கால், பல் வலித்தால் மெஸ்கால், பெண் கேட்கப் போனால் மெஸ்கால், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினால் மண்ணுக்கு முன்னால் மெஸ்கால். மதம் மாறிக் குடியை விட்ட இரண்டு குடும்பங்கள் உண்டு. அவர்களும் முழங்கால் வலிக்குத் தேய்ப்பதாகச் சொல்லி மாதம் ஒரு லிட்டர் வாங்கிப்போவார்கள். அந்த வீட்டு முழங்கால்கள் மிகவும் உற்சாகமானவை.

ஆகவே விசாரிக்காமல் விட முடியாது.

ஒத்திலியாவின் கடை என்பது இரண்டு பலகை, ஏழு கண்ணாடி ஜாடி, ஊற்றிக் குடிப்பதற்குக் கவிழ்த்து வைத்த சுரைக்குடுக்கைகள், ஒரு தட்டில் ஆரஞ்சுச் சுளையும் மிளகாய் உப்பும். கடைக்குப் பின்னால் குடும்பத்தின் வடிசாலை. தரையில் தோண்டிய பெரிய குழிச்சூளை, குதிரை இழுக்கும் கல்செக்கு, ஐந்து மரத்தொட்டி, இரண்டு செப்புப் பானை. பஸ்ஸிலிருந்தோ காரிலிருந்தோ இறங்குகிறவர்கள் குடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். டெக்கீலாவுக்கும் மெஸ்காலுக்கும் என்ன வித்தியாசம்? ஒத்திலியா ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவருக்குச் சொன்னதில்லை.

லாரி டிரைவருக்குச் சொன்னது: "ரெண்டும் அண்ணன் தம்பிங்க. டெக்கீலா ஃபேக்டரி வேலைக்குப் போயி சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டான். மெஸ்கால் இன்னும் வீட்லயே கிடந்து அடுப்பூதுறான்."

பாதிரியாருக்கு: "டெக்கீலா பூசை மாதிரி சாமி, புத்தகத்துல போட்டபடி நடக்கும். மெஸ்கால் தேர்ப்பவனி. எந்தத் தெருவுல திரும்பும்னு தேருக்கே தெரியாது."

மெஸ்கால் பாட்டிலுக்குள் ஒரு புழு கிடக்கும் என்று கேள்விப்பட்டு, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, புழு எங்கே என்று கேட்ட வெள்ளைக்காரருக்கு: "அதுக்கு இன்னிக்கு வார லீவுங்க."

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் என்பதால், விளையாடாமல் சொன்னாள். "எங்க அப்பா காலத்துல டெக்கீலாவையும் மெஸ்கால்னுதான் சொல்லுவாங்க டீச்சர். இப்ப அது தனி. நீலக் கத்தாழை ஒண்ணுதான் அதுக்கு ஆகும். செங்கல் அறைக்குள்ள அடுக்கி நீராவியில வேகவைப்பாங்க, சோளக் கொழுக்கட்டை அவிக்கிற மாதிரி. இங்க பல கத்தாழை ஆகும். குழி தோண்டி, பழுக்கக் காய்ச்சின கல்லு மேல போட்டுப் புதைச்சிருவாங்க. அது அவிச்சது, இது சுட்டது. அவ்வளவுதான்." ஆசிரியைக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. லாரி டிரைவருக்குச் சொன்னதே நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தப் பதில்களெல்லாம் உண்மையில் கடைக்காக உண்டானவை அல்ல. கேள்வியைத் தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் கணவன் அபுந்தியோ. வேலை முடிந்து, கை கழுவி, வாசல் கல்லில் உட்கார்ந்ததும், "சொல்லு, என்ன வித்தியாசம்?" என்பான். நேற்றுச் சொன்னதைச் சொன்னால் அவள் தோற்றாள். அவன் செத்து எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலங்கள் அதற்குப் பிறகு மிகவும் நீளம்.

ஒத்திலியா பிறந்தது ஹலிஸ்கோவில், அமத்தித்தானில். அப்பா எவுசெபியோவுக்கு ஒரு டெக்கீலா ஃபேக்டரியில் சூளைக்குள் கற்றாழை அடுக்கும் வேலை. சாயங்காலம் ஆறு மணிச் சங்கு ஊதியதும் அவர் தெருமுனையில் தெரிவார். சட்டை பாகில் ஊறி விறைத்து நிற்கும், பின்னாலேயே நாலைந்து குளவிகள் வரும். தொப்பியைக் கழற்றினால் உள்ளே இலையில் சுற்றிய வெந்த கற்றாழைத் துண்டு. பழுப்பாக, நார்நாராக, கையெல்லாம் ஒட்டும். அக்கா தங்கைகள் நாலு பேரும் கூரைமேல் ஏறி அதை மென்று, இனிப்பை விழுங்கி, நாரைத் துப்புவார்கள். யார் நார் தூரம் போகிறது என்று போட்டி. ஒத்திலியாவின் நார்தான் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை போகும்.

அந்த ஃபேக்டரிக்குப் புதுச் சூளை கட்ட 1971இல் வந்த கொத்தனார் கும்பலில் அபுந்தியோ இருந்தான். எவுசெபியோ அவனை வீட்டுக்கு அழைத்து, உப்பும் எலுமிச்சையும் வைத்து, தங்கள் ஃபேக்டரிச் சரக்கை ஊற்றிக் கொடுத்தார். அபுந்தியோ அவசரமில்லாமல் உறிஞ்சினான். ஒரே மடக்காக அடிக்க வேண்டியதை இப்படிக் கொஞ்சிக் குடிக்கிறானே என்று கதவிடுக்கில் சிரிப்பு கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா புகை எங்க?"

"எங்க ஊர்ல புகை வந்தா ஃபயர் சர்வீஸ்தான் வரும்," என்றார் எவுசெபியோ.

கதவிடுக்கில் சிரித்தவளை அடுத்த பிப்ரவரியில் அவன் கல்யாணம் செய்து லச்சிகூவுக்குக் கூட்டிவந்தான்.

வந்த மூன்றாம் மாதம் அது நடந்தது. நாலு டன் கற்றாழை அடிக்கட்டைகளைக் குழியில் போட்டு, சக்கையும் பாயும் சாக்கும் மண்ணும் போட்டு மூடி, மேட்டின் உச்சியில் சிலுவை நட்டு, எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு த்லகொலுலா போய்விட்டார்கள். புது மருமகள் காவல். அவள் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பாவின் ஃபேக்டரியில் சூளை சூடேறிய முதல் சில மணி நேரத்தில் கசப்புப் பாகு கீழே ஒழுகும். அதைக் குழாய் வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் சரக்கே கெட்டுவிடும். இங்கே குழாயையே காணோம். பாவம், வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கடப்பாரையை எடுத்து, மேட்டின் அடியில் வடக்குப் பக்கமாக, நல்ல அழகான ஓட்டை ஒன்று போட்டாள். மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் ஓட்டையைச் சுற்றிக் கல்கூட அடுக்கினாள்.

பாகு வரவில்லை. காற்று உள்ளே போனது. சந்தையிலிருந்து திரும்பியவர்கள் கண்டது, நடுவில் குழிந்துபோன மேடும், அதன் நடுவே எரிந்துகொண்டிருந்த சிலுவையும். எட்டு வருஷம் வளர்ந்த கற்றாழையில் முக்கால்வாசி சாம்பல். மாமனார் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பிடி சாம்பலை எடுத்து உள்ளங்கையில் பார்த்துவிட்டு, "மூணு தலைமுறைக்குப் பல்லு தேய்க்கலாம்," என்று மட்டும் சொன்னார். அபுந்தியோவின் மூத்த அக்கா சிரிலா, புருஷனை இழந்து மகனோடு பிறந்த வீட்டில் இருந்தவள், அன்றைக்கு வைத்த பெயர்தான் சாம்பல்காரி.

அதற்குப் பிறகு வந்த முதல் திருவிழாவில் ஒத்திலியாவின் கையில் குடுக்கையைக் கொடுத்தார்கள். மண்ணுக்கு மூன்று சொட்டு ஊற்றினாள். வாயருகே கொண்டுபோனாள். புகை வாடை மூக்கில் ஏறியதும் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொண்டைக்குள் வந்து நின்றுகொண்டது. விழுங்க முடியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், கீழேயும் வைக்க முடியாது. இடது பக்கம் நின்றிருந்த அபுந்தியோ யாரும் காணாதபடி தன் காலிக் குடுக்கையை அவள் கையில் திணித்து, அவளுடையதை வாங்கிக் குடித்துவிட்டான்.

இருபத்தாறு வருஷம் அவன் அவளுடைய இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, எதிலும். பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறான் என்று ஊர் சொன்னது. அதுவும் பொய்யில்லை. இரண்டு குடுக்கைக்கே தள்ளாடுகிறான், வடிசாலை வீட்டில் பிறந்தவனுக்கு இது ஒரு கேடா என்றும் சொன்னது. அவன் குடித்தது நாலு. ஊரின் சிரிப்பை வாங்கிக்கொண்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

போன செப்டம்பரில் கற்றாழைக் காட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லார் கையிலும் குடுக்கை வந்தது. ஒத்திலியாவின் கையிலும் வந்தது. இடது பக்கம் ஆள் இல்லை. ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் குடுக்கை விளிம்பு வரை நிரம்பி இருந்ததையும், அதில் இரண்டு எறும்புகள் மல்லாந்து மிதந்ததையும் பார்த்தவள் சிரிலா. எட்டு மாதம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சிரிலாவுக்கு அது ஒரு சாதனை. மில் பெல்ட் அறுந்திராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பாள்.

இப்போது அந்த வாய் ஏன் திறந்தது என்றால், துக்கம் கழிந்து முதல் சூளை அந்தச் சனிக்கிழமை போடுவதாக இருந்தது. மூடிய சூளையின் உச்சியில் சிலுவை நடுவது வீட்டுத் தலைவனின் கை. அவன் இல்லாவிட்டால் அவன் மனைவியின் கை. அதில் பேச்சே கிடையாது. நடுகிற கைதான் அந்த வீட்டின் கை. சாம்பலான நாளிலிருந்து ஒத்திலியா அந்த மேட்டில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. இந்த ஒன்று கிடைக்காவிட்டால் அவள் அந்த வீட்டில் கடை பார்த்துக்கொள்கிற வெளியூர்க்காரி, அவ்வளவே. அது அவளுக்கும் தெரியும், சிரிலாவுக்கும் தெரியும்.

புதன்கிழமை சிரிலா கடைக்கே வந்தாள்.

"ஏட்டி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"டெக்கீலாவுக்கும் மெஸ்காலுக்கும் வித்தியாசமா மதினி?"

"உன் வாயை வித்தே நீ பொழைச்சுக்குவ. ஊர்ல என்னென்னமோ பேசுறாளுவ."

"நானும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டேன். ஒரு செருப்புதான் கிடக்கு. அதுவும் ஒத்தைச் செருப்பு."

"நேராச் சொல்லு. நீ எங்க மெஸ்காலைக் குடிச்சிருக்கியா, இல்லையா?"

மில் வரிசையில் இருநூறு பேர் விவாதித்த விஷயத்தை அவளிடமே கேட்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

"இல்ல மதினி."

"அப்ப இத்தனை வருஷமா குடுக்கை குடுக்கையா வாங்கினதெல்லாம்?"

"உங்க தம்பி."

சிரிலா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுக்கே ஆடுறான்னு ஊரே சிரிச்சுதேடி அவனைப் பாத்து."

"நாலு மதினி. திருவிழான்னா அஞ்சு."

"அஞ்சா?" சிரிலாவின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து உட்கார்ந்தது. அதை உடனே துடைத்துவிட்டாள். "ஏன்டி, எங்க சரக்கு உனக்கு அவ்வளவு கசக்குதா?"

வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் ஒத்திலியாவிடம் முந்நூறு பதில் இருக்கும். "வாய்கிட்ட கொண்டு போனா அன்னைக்கு வந்த சாம்பல்தான் வருது மதினி. உள்ள இறங்க மாட்டேங்குது."

சிரிலா எழுந்தாள். "அப்ப சிலுவை உன் கைக்கு வராது. எங்க சரக்கை விழுங்காதவ எங்க சூளையை மூட வேண்டாம். நான் நடுறேன்."

சனிக்கிழமை விடியுமுன்பே கருவாலி மரக்கட்டைகளை எரித்து, மேலே கல் அடுக்கி, கல் சிவந்து புகை அடங்கும் வரை காத்திருந்தார்கள். சிரிலாவின் மகன் நிக்கனோர்தான் இப்போது வடிசாலையின் கைக்காரன். பேச்சு குறைவு. மதியம் மூன்று மணிக்கு அடிக்கட்டைகள் உள்ளே போயின, ஐந்து மணிக்கு மண் ஏறியது. ஒத்திலியா தண்ணீர் வாளியோடு கீழே நின்றாள். அறுபத்தெட்டு வயசுச் சிரிலா காகிதப்பூ கட்டிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். நட்டாள். கீழே நிற்பவளைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, மார்பை வைத்து அழுத்தி, பலமாக நட்டாள். அந்த இரண்டாவது அழுத்தம் கடவுளுக்காக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லாரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். ஒத்திலியா கடையில். பதினொரு மணிக்குத் தலைநகரத்து நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளை ஷூ போட்ட ஒருவரும், வைக்கோல் தொப்பி போட்ட அவர் மனைவியும் இறங்கினார்கள்.

"அம்மா, இந்த டெக்கீலாவுக்கும் மெஸ்காலுக்கும்..."

ஒத்திலியா கையைத் தூக்கி நிறுத்தினாள். மூடிய சூளைக்கு ஒரு வாடை உண்டு. ஈர மண்ணும் லேசான இனிப்புமாக வரும். இப்போது வந்தது அது இல்லை. சர்க்கரை கருகும் வாடை. மெஸ்காலைக் குடிக்காமல் மோந்து மோந்தே ஒவ்வொரு ஜாடியும் எந்தப் பானையில் எந்த மாசம் வடித்தது என்று சொல்லப் பழகிய மூக்கு அது.

"உங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?"

"எனக்கா? நான் பல் டாக்டர்."

"அப்ப ஓட்டை அடைக்கத் தெரியும். வாங்க."

மேட்டில் சிலுவை சாய்ந்து நின்றது. அதன் அடியில் நூல்போலப் புகை. சிரிலா அழுத்திய அழுத்தில் கம்பு மண்ணைத் தாண்டி, சாக்கைத் தாண்டி, பாயையும் குத்திக்கொண்டு இறங்கியிருந்தது. காற்று அதை ஆட்ட ஆட்ட, ஓட்டை கையளவு ஆகிவிட்டது. ஒத்திலியா கம்பைப் பிடுங்கினாள். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு நாக்கு நெருப்பு வெளியே வந்து பார்த்தது.

மண்ணை மட்டும் கொட்டினால் உள்ளே சரிந்துவிடும். முதலில் ஈரமாக ஏதாவது வேண்டும். பாய், சாக்கு எல்லாம் சூளைக்குள். மாதுளைச் செடியில் சிரிலாவின் சால்வை காய்ந்துகொண்டிருந்தது. கருநீலம், முழ நீளக் குஞ்சம், ஈஸ்டருக்கும் பிறர் கல்யாணத்துக்கும் மட்டும் போடுவது. ஒத்திலியா ஒரு மூச்சு விடும் நேரம்தான் யோசித்தாள். குதிரைத் தொட்டியில் முக்கி, சுருட்டி, ஓட்டைக்குள் திணித்தாள்.

"மண்ணு! மண்ணை அள்ளிப் போடுங்க டாக்டர்!"

டாக்டர் கரண்டியால் சீனி போடுவதுபோலப் போட்டார். அவர் மனைவி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வேலை நடந்தது.

"நீங்க கேட்டதுக்கு இதான் பதில்," என்றாள் ஒத்திலியா, காலால் மண்ணை மிதித்துக்கொண்டே. "நான் பொறந்த ஊர்ல கசப்பு போறதுக்கு ஒரு குழாய் வச்சிருப்பாங்க. திறந்து விட்டாத்தான் சரக்கு நல்லாருக்கும். இங்க ஒண்ணையும் வெளிய விடக்கூடாது. கசப்பு, புகை, கோவம், எல்லாம் உள்ளயே கிடந்து வேகணும்."

"கோபமுமா?" என்றார் டாக்டர்.

"இந்த வீட்ல அதுவும் போடுவாங்க."

புகை நின்றது. உச்சியில் சிலுவை இல்லாமல் மேடு மொட்டையாக நின்றது. ஒத்திலியா எதுவும் நினைக்கவில்லை. திறந்த பானைக்கு மூடி போடுவதுபோல, கம்பை எடுத்து நாலு விரல் ஆழத்துக்கு நட்டு, சுற்றி மண் தட்டினாள். தட்டிவிட்டு நிமிரும்போது சந்தை வண்டி வந்து நின்றது.

"சாம்பல்காரி! திரும்பவும் தோண்டிட்டியேடி!" சிரிலா கோழிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இல்லம்மா, ஓட்டை முன்னாடியே இருந்தது," என்றார் டாக்டர்.

"நீ யாரு?"

"பல் டாக்டர்."

"என் வாயில இருக்கிறதே மூணு பல்லு. அதுக்கு நீ வேண்டாம், வண்டியை எடு."

கம்பு இறங்கிய கதையை ஒத்திலியா அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிலாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கையும் சூளையைக் கெடுக்க நினைத்துக் குத்தவில்லையே. ஒரு ஓட்டையை வைத்து இருபத்தேழு வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவது எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை.

"புதன்கிழமை திறந்து பாருங்க மதினி. சாம்பலா இருந்தா நான் அமத்தித்தானுக்கு பஸ் ஏறிடுறேன்."

சொல்வது சுலபம். பெட்டியை இறக்கித் தூசி தட்டியபோதுதான் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. அப்பா இல்லை. அக்கா தங்கைகள் வடக்கே எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். ஃபேக்டரியில் செங்கல் சூளையை இடித்துவிட்டு, ரயில் பெட்டி மாதிரி இரும்புக் கலன் வைத்திருப்பதாகவும், ஏழே மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடுவதாகவும் கடைசித் தங்கை எழுதியிருந்தாள். தொப்பிக்குள் துண்டு கொண்டுவருகிறவர் யாரும் இருக்க முடியாது. கூரைமேல் ஏறி நார் துப்ப ஐம்பது வயசுக்காரிக்கு ஏணி யார் பிடிப்பார்கள்? மூன்று நாளும் அவள் பெட்டியில் ஒரு துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அந்த ஒற்றைச் செருப்பையும் ஒரு தடவை வைத்து எடுத்தாள்.

புதன்கிழமை காலை நிக்கனோர் மண்ணை விலக்கினான். வீடே சுற்றி நின்றது. சாக்கு போனது, பாய் போனது. உச்சியில் கரிக்கட்டையாகச் சுருண்ட ஒரு துணிமூட்டை, ஓரத்தில் நாலு குஞ்சம் மட்டும் நீலமாக. அதை எடுத்தான். அடியில் சோளரொட்டிக் கூடையளவு வட்டம் கருகியிருந்தது. இரண்டு கட்டை கரி. அதற்குக் கீழே, பக்கவாட்டில், குழி முழுவதும், பாகு வடிந்து பொன்னிறமாக நாலு டன் கற்றாழை ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

நிக்கனோர் சிலுவையை எடுத்துப் பார்த்தான். கம்பின் நுனியிலிருந்து கரி ஏறியிருந்தது. தன் கைமேல் வைத்து அளந்தான். முழங்கை வரை வந்தது.

"இவ்வளவு ஆழமா யாரும்மா நட்டது?"

சிரிலா சிலுவையைப் பார்த்தாள். ஒத்திலியாவைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை துணிமூட்டைக்குப் போனது.

"அது என் ஈஸ்டர் சால்வை இல்ல?"

"ஆமா மதினி."

"அடிப்பாவி! பதினெட்டு வருஷமா பொத்திப் பொத்தி வச்ச சால்வைடி!"

"நனைச்சுத்தான் வச்சேன்."

"நனைச்சாளாம்! உன் பாவாடையைக் கழட்டி வைக்க வேண்டியதுதானே! அதை வச்சிருந்தா அந்த அகலத்துக்கு ரெண்டு சூளை மூடியிருக்கும்!"

அரை மணி நேரம் சிரிலா சால்வையைப் பற்றியே கத்தினாள். அதன் நூல், சாயம், நெய்தவன், அதைப் போட்டுக்கொண்டு போன கல்யாணங்கள். சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் வேறு எதையாவது பற்றிக் கத்துவதுதான் அந்த வீட்டு வழக்கம் என்பதால் யாரும் குறுக்கே போகவில்லை. தொண்டை காய்ந்ததும் மகன் கையிலிருந்த சிலுவையைப் பிடுங்கி ஒத்திலியாவிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோயி உன் கடையில வை. எனக்கு மேட்டுல ஏறி இறங்க முழங்கால் வலிக்குது. அடுத்த தடவை நீயே நடு. மெதுவா நடு."

ஒத்திலியா அதை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். பெட்டியைத் திரும்ப ஏற்றி வைக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நிக்கனோர் கேட்காமலே போய் ஏற்றிவிட்டு வந்தான்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சூளையின் சரக்கு செப்புப் பானையிலிருந்து இறங்கியது. நிக்கனோர் நாணல் குழலால் உறிஞ்சி, உயரத்திலிருந்து குடுக்கைக்குள் விட்டான். நல்ல சரக்குக்கு அடையாளமாக மேலே முத்து முத்தாகக் குமிழி கட்டி, உடையாமல் நின்றது. முதல் குடுக்கையை ஒத்திலியாவிடம் கொடுத்தான். அவள் இடது பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மண்ணுக்கு மூன்று சொட்டு விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முதலில் புகைதான் வந்தது. ஆனால் அந்தப் புகை ஒரு ஆள் மாதிரி சற்றே ஒதுங்கி வழிவிட, அதன் பின்னாலிருந்து அப்பாவின் தொப்பி வந்தது. இரண்டாவது மடக்கையும் குடித்தாள். இருமினாள்.

"எப்படிடி இருக்கு?" என்றாள் சிரிலா.

"புகை கொஞ்சம் ஜாஸ்தி."

"அது சூளைப் புகை இல்ல, என் சால்வைப் புகை. நல்லா ருசிச்சுக் குடி."

மறுநாள் மில் வரிசையில் இதை யாரும் நம்பவில்லை. எல்லாவற்றையும் மண்ணுக்குத்தான் ஊற்றினாள், மண்ணில் ஈரம் பார்த்தோம் என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். இருபத்தேழு வருஷம் குடிக்காதபோது குடிக்கிறாள் என்று நம்பிய ஊர் அது. குடித்தபிறகு எப்படி நம்பும்?

சால்வை மட்டும் தீரவில்லை. ஒத்திலியா த்லகொலுலா சந்தையில் ஒன்று வாங்கி வந்தாள். நீலம் வெளிறிப்போய் இருக்கிறது என்று சிரிலா திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததற்குக் குஞ்சம் குட்டை. அதற்கடுத்தது பிணத்துக்குப் போர்த்துகிற சால்வை. கடைசியில் இருவரும் சேர்ந்தே போய்த் தேடுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே வண்டியில் போகிறார்கள். நெசவுக்காரர்களின் வரிசை முழுக்கத் துணியைத் தேய்த்துப் பார்க்கிறார்கள், நெசவுக்காரர்களோடு சண்டை போடுகிறார்கள், குழியில் சுட்ட ஆட்டுக்கறி வாங்கி ஆளுக்கு மூன்று ரொட்டி சாப்பிடுகிறார்கள், சால்வை இல்லாமல் திரும்புகிறார்கள்.

"இவ எனக்கு ஒரு சால்வை தரணும்," என்று வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சிரிலா சொல்கிறாள்.

"தரமாட்டேன்னு சொன்னேனா?" என்கிறாள் ஒத்திலியா. "நீங்க எடுத்துக்க மாட்டேங்கிறீங்க."

"அவசரம் என்னடி? அடுத்த வாரமும் சந்தை உண்டு."